என் யானையைத் திருடியவன்

முன்னால் வந்து உட்காருங்கள் சார். பின்சீட்டில் உட்கார்ந்தால் வயிற்றைப் புரட்டும், நான் சொல்வதும் காதில் விழாது. இந்த மலையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கண்ணை மட்டும்தான் கொண்டுவருகிறார்கள். காதைக் கீழேயே விட்டுவிட்டு வந்தால் எப்படி? வளைவுக்கு வளைவு ஒரு விசயம் இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் இது வெறும் ரோடு. அந்தப் பக்கம் பாறை, இந்தப் பக்கம் பள்ளம், நடுவில் தார். அவ்வளவுதான்.

போகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே தொட்டிப்பாலத்திலிருந்து பதினோராவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் வண்டி. அங்கே ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, பழைய குதிரைப் பாதையில் கூந்தப்பனை அருவி வரைக்கும் நடை. ரோடு வருவதற்கு முன்னால் மலைவாழையும் காப்பிக்கொட்டையும் அந்தப் பாதையில்தான் மட்டக்குதிரை முதுகில் இறங்கின. நல்ல நிழல். அட்டை கடிக்கும். ஆனால் மரியாதையான அட்டை, ஆளை விசாரித்துவிட்டுத்தான் கடிக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த மூன்றாவது வளைவைப் பாருங்கள். ஒரு ஐப்பசியில் மூட்டம் இறங்கி, இந்தப் பள்ளம் முழுக்க இட்லி மாவு மாதிரி கெட்டியாக நின்றுவிட்டது. நான் இறங்கிக் காலால் மிதித்துப் பார்த்தேன். தாங்கியது. சரியென்று ஜீப்பை அதன் மேலேயே விட்டேன். எதிரே தெரிகிறதே ஏழாவது வளைவு, நேராக அங்கே. நடுவில் இருக்கிற வளைவெல்லாம் மிச்சம். பாதி தூரம் போயிருப்பேன், வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டயருக்குக் கீழே மூட்டம் கரைகிறது. அன்றைக்கு நான் மிதித்த மிதியில் ஆக்ஸிலேட்டர் கட்டையில் என் பெருவிரல் பதிந்துபோனது. குனிந்து பாருங்கள், அந்தக் குழி இப்போதும் இருக்கும்.

பார்த்தீர்களா. எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள் சார். இன்றுவரைக்கும் குனியாமல் ஒருத்தர் இருந்ததில்லை.

இதெல்லாம் சில்லறைக் கதை. வழி நெடுகத் தூவிக்கொண்டு போகிறது. என் சொத்து என்று சொன்னால் அது யானைதான். அந்த யானையைத்தான் ஒருத்தன் திருடிவிட்டான். பட்டப்பகலில், வாயைக்கூட முழுசாகத் திறக்காமல் திருடிவிட்டான். பேர் மச்சக்காளை. பதினோராவது வளைவில் டீக்கடை வைத்திருக்கிறான். என் தங்கச்சி குருவம்மாவின் புருசன், எனக்கு மச்சான். இந்த ஜென்மத்தில் எனக்கு விரோதி என்று ஒருத்தன் உண்டென்றால் அவன்தான். அவனை விட்டேனா? விடவில்லை. எப்படி விடவில்லை என்பதை மேலே போவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் யானையைக் கேளுங்கள்.

ரோடு போட்ட புதிது. தார் கிடையாது, செம்மண். நான் ஜீப்பில் ஏறிவருகிறேன். பதினோராவது வளைவில் திரும்பினால் ஒற்றைக் கொம்பன் ஒருத்தன் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறான். மண்ணை வாரித் தலையில் போட்டிருந்ததால் ஆள் செக்கச்செவேலென்று இருந்தான். காது ஆடவில்லை. யானை காதை ஆட்டிக்கொண்டிருந்தால் பயமில்லை சார், ஆட்டாமல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். வண்டியைத் திருப்ப இடமில்லை. போட்டேன் ரிவர்ஸ். பின்பக்கமாகவே இறக்குகிறேன். நான் பின்னால் போகப் போக அவன் முன்னால் வருகிறான். வளைவுக்கு வளைவு இப்படியே. தும்பிக்கைக்கும் வண்டி மூக்குக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். ஒரு இடத்தில் தும்பிக்கையை நீட்டி என் நெற்றியைத் தடவிப் பார்த்தான். இந்தாருங்கள், மச்சம் மாதிரி இருக்கிறதே, அந்த ஈரம் பட்ட இடம்தான். ஒன்பதாவது வளைவில் ஒரு பலா மரம் குறுக்கிட்டது. அவன் நின்று ஒரு பழத்தைப் பிளந்து தின்றான். நாமும் நிற்பதுதானே மரியாதை, நின்றேன். தின்று முடித்து அவன் புறப்பட்டதும் நானும் புறப்பட்டேன். கடைசியில் ஆறாவது வளைவு ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கிப் போய்விட்டான். போகும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இருக்கிறதே, சொந்தக்காரன் பார்க்கிற பார்வை.

இதோ, இதுதான் அந்த ஓடை. இப்போது தண்ணீர் குறைச்சல்.

முப்பது வருசமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் சார். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், காப்பிக் களத்தில் சொல்லியிருக்கிறேன், பல் பிடுங்கப் போன இடத்தில் பிடுங்கிய பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் அது சின்ன யானைதான். என் வாயில்தான் வளர்ந்தது. கொம்பு நீளமானது, பலா மரம் முளைத்தது, எல்லாம் நான் போட்ட தீனி.

போன பங்குனியில் நாலு பேர் வந்தார்கள். இந்த வழியை ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியப்படுத்தப் போகிறோம், அங்கங்கே பலகை வைக்கப் போகிறோம், என்னென்ன விசேசம் என்று சொல்லுங்கள் என்றார்கள். வேறு யாரிடம் கேட்பார்கள்? இதே சீட்டில் உட்காரவைத்து வளைவு வளைவாகச் சொல்லிக்கொண்டு போனேன். மூட்டத்தைச் சொன்னபோது சிரித்தார்கள். யானையைச் சொன்னபோது சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு வண்டியே தரையில் ஓடவில்லை. பலகையில் பேர் என்றால் சும்மாவா? எங்கள் வம்சத்தில் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் யார் பேரையும் யாரும் எழுதியதில்லை.

பதினோராவது வளைவில் டீ குடிக்க இறங்கினார்கள். அங்கேதான் கெட்டது. கடை பெஞ்சில் ஒரு குதிரைக்காரக் கிழவன் உட்கார்ந்திருந்தான். இவர்கள் யானையைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, “வண்டி ஓட்டுனது நம்ம மச்சக்காளைல்ல” என்றான். அந்த நாலு பேரில் கண்ணாடி போட்டவர் கடைக்காரனைப் பார்த்து, நீங்கள்தான் ஓட்டினீர்களா என்று கேட்டார். அவன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“ஆமா” என்றான்.

ஒரே வார்த்தை சார். ஒரு மனுசனின் முப்பது வருசத்தை ஒரு வார்த்தையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சித்திரையில் பலகை வந்தது. ‘யானைத் திருப்பம். இவ்விடத்தில் ஓட்டுநர் மச்சக்காளை, ஒற்றை யானையிடமிருந்து ஜீப்பைப் பின்னோக்கி ஓட்டிப் பயணியைக் காப்பாற்றினார்.’ பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. பயணியாம். பேர்கூடக் கிடையாது. மூட்டைக்குக்கூட லேபிள் ஒட்டுவார்கள்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள் சார். சரி, ஸ்டியரிங்கைப் பிடித்தது அவன். அப்போது அவன் எஸ்டேட் ஜீப்புக்கு டிரைவர், நான் பின்சீட்டில் இருந்தேன். இருக்கட்டுமே. ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்கெல்லாம் யானை சொந்தமாகிவிடுமா? நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். ரிவர்ஸ் எடுக்கிறவன் எங்கே பார்ப்பான்? கழுத்தைத் திருப்பிப் பின்னால் ரோட்டைப் பார்ப்பான். அவன் அன்றைக்கு யானையைப் பார்க்கவே இல்லை சார். அவன் பார்த்ததெல்லாம் என் மூஞ்சியும் ரோடும்தான். யானையின் கண்ணைப் பார்த்தது யார்? நான். கடைசி வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தது நான். நான் அப்போது கத்தினேன் என்று குதிரைக்காரன் ஒருத்தன் சொல்லித் திரிந்தான். அது கத்தல் இல்லை, அதட்டல். யானையை அதட்டுகிறபோது கொஞ்சம் கண்ணீர் வரும், வண்டிப் புகை அப்படி.

அவன் ஓட்டினது என்ன, அரைமணி நேரம். நான் முப்பது வருசமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு ஓடையில் இறங்கி முகம் கழுவிய கையோடு, “எந்தங்கச்சியக் கட்டிக்கிறியாடா” என்று அவனிடம் கேட்டவன் நான். அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் தயாராக இல்லாத காலம். அப்பன் ஆத்தா கிடையாது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பான். அந்த வைகாசியிலேயே குருவம்மாவைக் கொடுத்தேன். ஆக, நான் ஒரு தங்கச்சியைக் கொடுத்தேன், அவன் ஒரு யானையைக் கொடுத்தான். கணக்குத் தீர்ந்தது. அவன் வீட்டு விருந்திலேயே, அவன் இலைக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு, நான் ஓட்டினேன் நான் ஓட்டினேன் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம்கூட இல்லை என்று சொன்னதில்லை. ரசம் ஊற்றச் சொல்லிக் கேட்பான், அவ்வளவுதான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? குருவம்மாவிடம் கேட்டேன். “அவங்க கேட்டாங்க, இவரு ஆமான்னாரு. வேற என்ன சொல்லச் சொல்ற” என்கிறாள். எவ்வளவோ சொல்லலாம். மறந்துபோச்சு என்று சொல்லலாம்.

அந்தக் கோடையில் கூட்டம் வந்தது பாருங்கள். பலகை பக்கத்தில் நின்று படம், அவன் பக்கத்தில் நின்று படம். அவன் நட்ட கல் மாதிரி நிற்பான். யானை எப்படி இருந்தது என்று கேட்பார்கள். “பெருசா இருந்துச்சு” என்பான். அவ்வளவுதான் சார். பெருசா இருந்துச்சு. நான் பலாப்பழம் போட்டு வளர்த்த யானை. எனக்கு வயிறு எரிந்தது.

விடக் கூடாது என்று முடிவு பண்ணினேன். முதலில் கடையில் கை வைத்தேன். அவன் டீக்குத் தண்ணீர் எடுக்கிற ஊற்றில் ஒரு மலைப்பாம்பு தினமும் குளிக்கிறது என்று ஏற்றிப்போன ஆட்களிடமெல்லாம் சொன்னேன். பாம்பு குளித்த தண்ணீரில் டீ போட்டால் எவன் குடிப்பான்? குடித்தார்கள் சார். அதையேதான் கேட்டுக் குடித்தார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். ஒரு பாட்டில் ஊற்றித் தாருங்கள் என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. பாய்லர் ஒன்று கூடுதலாக வாங்கினான். குருவம்மா எனக்கு ஒரு வேட்டி எடுத்து அனுப்பினாள். அந்த வேட்டியை நான் கட்டவில்லை. வண்டி துடைக்கிறேன். இதோ, கண்ணாடி துடைக்கிறேனே, அதுதான்.

ஆடி பிறந்ததும் வேறு வழி பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் மலை வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நடைபாதையில் யாராவது அகாலமாகச் செத்துப்போனால், அந்த இடத்தைக் கடக்கிறவர்கள் ஒரு பச்சைத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். செத்தவன் நம்மோடு கூட வராமல் இருப்பதற்கு. தழை கிடக்கிற இடத்தைப் பார்த்தால் யாருக்கு, எதற்கு என்று கேட்க மாட்டோம், நாமும் ஒன்று ஒடித்துப் போடுவோம். போட்டதை எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தச் சாவு எடுத்தவன் தலைக்கு வந்துவிடும். மக்கிப்போகிறவரைக்கும் அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

புரிந்திருக்கும். பலகைக்குக் கீழே ஒரு கொத்துத் தழையை ஒடித்துப் போட்டேன். ஏற்றிப்போன ஆட்களிடம், “இங்கதான் சார் மச்சக்காளையை யானை அடிச்சது, பயணியக் காப்பாத்திட்டு அவன் போயிட்டான்” என்று குரலை இறக்கிச் சொன்னேன். பலகையில் பேர் இருக்கிறதல்லவா, நம்பினார்கள். செத்தவனுக்குத்தானே பலகை வைப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தழை போட்டார்கள். அப்புறம் கடையில் இருக்கிறது யார் என்று கேட்பார்களே? செத்தவனுடைய தம்பி, அண்ணன் பேச்சை எடுத்தால் மனசு உடைந்துபோவான், எதுவும் கேட்காதீர்கள் என்று சொல்லிவைத்தேன்.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் டீக் கிளாசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவனைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “தைரியமா இருங்க” என்று சொன்னது. அவன் “ம்” என்றான். நான் ஜீப்புக்குப் பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பேர் எடுத்தாயல்லவா, செத்த பேர் எடுத்துக்கொள்.

ஆனால் ஊர்க்காரர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள். காப்பி பறிக்கிற பெண்கள் அந்த வழியாகப் போவார்கள், குதிரைக்காரர்கள் போவார்கள். தழை கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். போட்டார்கள். ஆவணிக்குள் முழங்கால் அளவு. யாரோ மஞ்சள் தெளித்தார்கள். யாரோ ஒரு மணியைக் கொண்டுவந்து பலகைக் கம்பியிலேயே கட்டினார்கள். பேச்சு மெல்லக் கசிந்தது. வெளியூர்க்காரர்கள் இது மச்சக்காளைக்கு என்று சொல்லிவிட்டுப் போடுவதை எங்கள் ஆட்களும் கேட்டார்கள். கேட்டும் போடாமல் போகப் பயம். போட்டார்கள், அவன் கடையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போட்டார்கள். அவனோ வழக்கம்போலக் கடையைத் திறந்தான், டீ ஆற்றினான், மூடினான். திட்டினால்தானே நமக்குத் திருப்தி? என்னைப் பார்த்தால், “வாங்க மச்சான், டீ சாப்பிடுங்க” என்பான். அழுத்தக்காரன் சார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் வாசலில் குருவம்மா நிற்கிறாள். சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு, அந்த மழையில் குதிரைப் பாதை வழியாக நடந்தே வந்திருக்கிறாள். உள்ளே வாவென்றேன். வரவில்லை.

“அண்ணே, அவரு படுத்த படுக்கையா இருக்காரு. கண்ணத் தொறக்கல.”

காய்ச்சல் எல்லோருக்கும்தான் வருகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, வேண்டுமானால் வண்டி எடுக்கிறேன் என்றேன்.

“கூட்டிப்போயாச்சு. மாத்திரை கொடுத்தாச்சு, ஊசி போட்டாச்சு. ரோட்டுல தழை விழுந்துக்கிட்டே இருக்கு. உசுரோட இருக்கிற மனுசனுக்குத் தழை விழுந்தா எந்த ஊசி கேக்கும்?”

நானா போடுகிறேன், ஊர்க்காரன்கள் போடுகிறான்கள் என்றேன்.

“மொதத் தழை யாரு போட்டது?”

நான் மழையைப் பார்த்தேன்.

“பொய்யின்னு சொல்லிருண்ணே. வளைவுல நின்னு, இங்க யாரும் சாகல, நான் சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிரு. எந்த யானைக்காக என்னக் கொடுத்தியோ, அதே யானைக்காக என்னத் தாலியறுக்க வச்சிராத.”

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொங்காணி கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் நின்றேன். எனக்கு வந்த கோபம் உங்களுக்குப் புரியாது. பொய்யென்று சொல்வதா? இந்த வாயிலிருந்து வந்த எதையும் நான் பொய்யென்று சொன்னதில்லை சார். மூட்டத்தைப் பொய்யென்றால் ஆக்ஸிலேட்டரில் இருக்கிற குழிக்கு யார் பதில் சொல்வது? ஒன்றைப் பொய்யென்றால் எல்லாம் சரிந்துவிடும். அப்புறம் இந்த மலை வெறும் ரோடு. அதே சமயம் இவனும் சாகக் கூடாது. அவன் செத்துப்போனால் நான் யாரைப் பழிவாங்குவது? அவ்வளவு பாடுபட்டு ஒரு விரோதியை வைத்திருக்கிறோம், காய்ச்சலுக்குக் கொடுத்துவிடுவதா?

வண்டியைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். மழை கழுவிக்கொண்டிருந்த வண்டியை நானும் சேர்ந்து கழுவினேன். தழையை எடுக்க முடியாது. செத்தவனை மாற்றலாம்.

அன்றைக்கே மேலே போனேன். மழையில் சவாரி ஏது, காலி வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். காப்பிக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தவர்கள், குதிரைக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஒருத்தர் விடாமல் சொன்னேன். “எல்லாரும் தப்பாப் போடுறீங்கப்பா. ஓட்டுனவன் பொழைச்சுக்கிட்டான். மச்சக்காளை கல்லு மாதிரி இருக்கான். பின்சீட்டுல ஒருத்தன் இருந்தான்ல, பயணி, அவன்தான் அந்த எடத்துலயே பயத்துல உசுர விட்டான். தழை அவனுக்கு.” எப்படிப் பயந்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சும்மா சொன்னால் நம்ப மாட்டார்கள். டிரைவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு விடவே இல்லை, ஆத்தாவைக் கூப்பிட்டு அழுதான், எல்லாம் சொன்னேன். நல்லா வந்தது சார் அந்தக் கதை. யானையைவிட நல்லா வந்தது. இரண்டு பெண்கள் அழுதார்கள்.

பேர் என்ன என்று கேட்டார்கள். வழக்கமாகக் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒருத்தன் பேரில் விழுந்த தழையை இன்னொருத்தனுக்கு மாற்றப் பேர் வேண்டும். என்ன செய்வது? வாய்க்கு வந்த பேரைச் சொன்னால் அந்தப் பேருள்ளவன் வீட்டில் போய் விடியும். குருவம்மா மாதிரி இன்னொருத்தி கொங்காணி போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்பாள். என் பேரைச் சொன்னேன். வெள்ளையப்பன் என்றேன். எனக்கென்று வந்து நிற்க ஆள் கிடையாது. அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். குதிரைக்காரன் ஒருத்தன், “ஏன் தாத்தா, உசுரோட நின்னுக்கிட்டு இப்படிச் சொல்ற” என்றான். “நான் சொல்றேன்ல, போடுறா” என்றேன். போட்டான்.

நாலைந்து நாளில் மச்சக்காளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தானாம். ஊசி கேட்டிருக்கும்.

நான் ஏமாந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை சார், ஜெயித்துவிட்டேன். நன்றாக யோசித்துப் பாருங்கள். பலகையில் அவன் பேர். பலகையை யார் பார்க்கிறார்கள்? ஓரமெல்லாம் துரு. மழையில் ‘மச்’ போய் ‘சக்காளை’ என்று நிற்கிறது. எனக்கோ தினமும் பச்சைத் தழை. வெளியூர் ஆட்களிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் பேரைச் சொல்கிறேன், வெள்ளையப்பன் என்று சொல்லிப் போடுகிறார்கள். கார்த்திகை மார்கழியில் இடுப்பளவு வந்துவிட்டது. பின்சீட்டில் இருந்தவனுக்கு அவ்வளவு மரியாதை. அவன் கடைக்கு எதிரிலேயே, அவன் கண்ணு முன்னாலேயே. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அவன் சும்மா இருப்பானா? தை பிறந்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டான். இப்போது மாசி, இன்னும் நின்றபாடில்லை. என் தழையைத் திருடுகிறான் சார். நம்ப மாட்டீர்கள். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வந்து, அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறான். பால் வண்டிக்காரன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஒரு இலை விடாமல் பொறுக்குகிறானாம். கும்பிடுகிறானாம், அப்புறம் அள்ளுகிறானாம். ஆடு வளர்க்கிறானா, அதுவும் இல்லை. தொட்டால் தன் தலைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியாதா? இந்த மலையில் பிறந்தவன், தெரியும். தெரிந்தும் அள்ளுகிறான் என்றால் எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும். யானையை எடுத்தான், சரி. செத்த பேரைக்கூட எனக்கு விட மனசில்லை.

நான் விடுவேனா? நடுவில் இண்டு முள்ளை வைத்துச் சொருகினேன். அதையும் வெறுங்கையால் எடுத்திருக்கிறான். டீ வாங்கும்போது கையைப் பாருங்கள், முழங்கை வரைக்கும் கீறல். குருவம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், உன் புருசனுக்கு ஏன் இந்த வேலை என்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நெசமாவே தெரியலையாண்ணே?” என்றாள். எனக்கா தெரியாது. பொறாமை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புருசனை விட்டுக்கொடுக்க மாட்டாள், அப்படித்தான் வளர்த்தோம்.

இதோ வந்துவிட்டது பதினொன்று. இறங்குங்கள். பள்ளத்தை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் போகாது. பலகைக்குக் கீழே பாருங்கள். நேற்றுச் சாயங்காலம் ஒரு பஸ் நிறைய ஆட்கள் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது பாருங்கள், பெருக்கி விட்ட மாதிரி இருக்கிறது. சாணி தெளிக்காத குறை.

சார், நீங்கள் வாட்டசாட்டமான ஆள். சின்னத் தழையெல்லாம் வேண்டாம். அந்த வேங்கை மரத்தில் தாழ்ந்து நிற்கிறதே ஒரு கிளை, அதை அப்படியே முறியுங்கள். தனியாளாக அவனால் தூக்க முடியக் கூடாது. நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். மெதுவாக. அங்கேதான், நடுவில் போடுங்கள். போடும்போது வெள்ளையப்பனுக்கு என்று சத்தமாகச் சொல்லுங்கள் சார். கடைக்குள்தான் இருக்கிறான். அவன் காதில் விழ வேண்டும்.